கூட்டிப் போட்டால் சேஃப் என்று யார் சொன்னது?

சிவில் படிக்கும் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "மொட்டை மாடியில் ரெண்டு டன் ஜெனரேட்டர் ஒன்று நிற்கிறது. அதை மாடலில் எப்படிக் காட்டுவாய்?" பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "தளத்தோட பரப்பால வகுத்து யு.டி.எல்.லா போட்டுரலாம். டவுட்டா இருந்தா இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டுரலாம், சேஃப்."

அந்தக் கடைசி வார்த்தையோடுதான் இந்தப் பதிவின் சண்டை. பதிலின் முதல் பாதியைக்கூட மன்னித்துவிடலாம். கணக்கு என்றாலே சுருக்குவதுதானே. ஆனால் 'கூட்டிப் போட்டால் சேஃப்' என்பது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி வெல்டிங் அடித்த ஸ்டாண்டின் கீழே ஒருவர் தினமும் எட்டு மணி நேரம் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் இது பரீட்சைக்கு மட்டுமான கேள்வி இல்லை. வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர் பக்கம் போனால் ரைஸ் மில்கள். தானியம் மேலிருந்து கீழே தானாக இறங்க வேண்டும் என்பதால் சல்லடையையும் கல் பிரிக்கும் இயந்திரத்தையும் ஆங்கிள், சேனல் வைத்துப் பற்றவைத்த ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி வைப்பார்கள். விருதுநகர் பருப்பு மில்களிலும் அதே கதை. கிரஷரில் ஜல்லி சலிக்கும் சல்லடை இன்னும் உயரத்தில் நிற்கும். அருப்புக்கோட்டை, சத்திரப்பட்டி என்று தெற்கே இறங்கினால் விசைத்தறிகள். நகருக்குள் வேறு விதம். 2012-ல் தமிழகத்தின் பல மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும். கடை, கிளினிக், கல்யாண மண்டபம் என்று எல்லோரும் ஜெனரேட்டர் தேடி ஓடிய காலம் அது. கீழே இடமில்லாத கட்டடங்களில் அது மேலே ஏறிவிட்டது. அந்தத் தளத்தைக் கட்டிய நாளில் அங்கே தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போடும் கொடியும் தவிர வேறொன்றையும் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, தப்பு எங்கே நடக்கிறது?

எடை என்பது கீழ்நோக்கிய விசை. நிறை என்பது எந்தத் திசையில் தள்ளினாலும் முரண்டு பிடிக்கும் குணம். பத்தாம் வகுப்பில் இதை எழுதி மார்க் வாங்கிய அத்தனை பேரும் கல்லூரிக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள். சாஃப்ட்வேரில் இயந்திரம் என்றால் கீழே பார்க்கும் நான்கு அம்புக்குறி. பீம் உடையுமா, கால் நசுங்குமா என்று பார்க்க அது போதும். அங்கே அம்புக்குறியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் உண்மையிலேயே சேஃப்தான். ஆனால் அந்த ஸ்டாண்டு எந்த வேகத்தில் ஆடும் என்ற கேள்வி வந்ததும் விளையாட்டின் விதியே மாறிவிடுகிறது. ஸ்டாண்டின் இயற்கை அதிர்வெண், விறைப்பை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது. நிறை கீழே, வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கூட்டினால் அதிர்வெண் குறையும். குறைந்தது நல்லதா கெட்டதா என்பது இயந்திரம் ஓடும் வேகத்தைப் பொறுத்தது. எடை கூடினால் எப்போதும் பாதுகாப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு கால் ஸ்டாண்டு, உயரம் 2.5 மீட்டர், கால்கள் ஐஎஸ்எம்சி 100 சேனல். மேலே பீமோடு முழுசாகப் பற்றவைத்து, கீழே கான்கிரீட்டில் நன்றாகப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சேனலின் வலுவான அச்சில் வளையும்போது நான்கு கால்களும் சேர்ந்து தரும் விறைப்பு ஏறத்தாழ 11.5 லட்சம் நியூட்டன்/மீட்டர். மேலே நிமிடத்துக்கு 300 முறை முன்னும் பின்னும் ஆடும் ஒரு நெல் சல்லடை, அதாவது 5 ஹெர்ட்ஸ். இயந்திரம், அதன் மேல் நிற்கும் நெல், ஸ்டாண்டின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து 1200 கிலோ.

இப்போது நம்ம ஆள் வருகிறார். முன்னும் பின்னும் ஓடும் இயந்திரம் என்றால் தாக்கத்துக்காக 50 சதவீதம் கூட்டு என்று ஐஎஸ் 875 இரண்டாம் பகுதி சொல்கிறது. 1200 என்பது 1800 ஆகிறது. "ரவுண்டா 2000 போட்டுக்குவோம்." வலிமைக் கணக்கில் பிரமாதம், பீம் நிற்கிறது. பிறகு அதே லோடு கேஸையே நிறையாக எடுத்துக்கொள் என்று சாஃப்ட்வேரிடம் சொல்லிவிட்டு அதிர்வெண்ணையும் கேட்கிறார். 3.8 ஹெர்ட்ஸ் என்று பதில் வருகிறது. இயந்திரம் ஓடுவது 5 ஹெர்ட்ஸில். முப்பது சதவீதம் தள்ளி இருக்கிறது, பிரச்சினையே இல்லை. ரிப்போர்ட்டில் பச்சை டிக்.

உண்மையான 1200 கிலோவைப் போட்டால் என்ன வரும்? 4.9 ஹெர்ட்ஸ். இயந்திரத்தின் வேகத்துக்கு அப்படியே பக்கத்தில்! வெல்டிங் செய்த இரும்பு ஸ்டாண்டுக்குத் தணிப்பு 2 சதவீதம் என்று எடுத்தால், அதே விசையை அசையாமல் வைத்தால் எவ்வளவு விலகுமோ அதைப்போல 20 மடங்கு ஆடும். 2000 கிலோ கணக்குப்படி அது 1.4 மடங்குதான். எட்டு நூறு கிலோவைக் 'கூட்டிப் போட்டது' ஒத்ததிர்வைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. அந்த 50 சதவீதம், ஆட்டத்தினால் வரும் கூடுதல் விசைக்கு ஈடாக விதிப் புத்தகம் கொடுத்த தோராயம். இயந்திரத்துக்குள் யாரும் புதிதாக இரும்பு ஊற்றிவிடவில்லை.

இதோடு முடியவில்லை. அந்த 1200 கிலோவிலும் சல்லடைப் பெட்டி மட்டும் ஒரு 200 கிலோ இருக்கும் என்று வையுங்கள். அது பட்டைச் சுருளிலோ தொங்கும் கம்பியிலோ ஆடிக்கொண்டிருக்கிறது. ஸ்டாண்டை ஆட்டுவதே அதுதான். ஸ்டாண்டோடு ஒட்டிக்கொண்டு நகரும் நிறையில் அதைச் சேர்க்கலாமா? சேர்க்காமல் 1000 கிலோ என்று போட்டால் 5.4 ஹெர்ட்ஸ். நெல் நிறைந்தால் ஒரு எண், காலியாக ஓடினால் இன்னொரு எண். ஆக இந்த ஸ்டாண்டின் அதிர்வெண் 4.9-க்கும் 5.4-க்கும் நடுவில் எங்கோ அலைந்துகொண்டிருக்கிறது. 5 அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒற்றை எண்ணைத் தேடுவதே இங்கே தப்பு. மேல் எல்லை ஒன்று, கீழ் எல்லை ஒன்று என்று இரண்டு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். கூடுதலாக ஆகும் நேரம் ஒரு டீ ஆறும் நேரம்.

சரிசெய்ய என்ன செலவாகும் தெரியுமா? எதிரெதிர் பக்கங்களில் ஆளுக்கொரு குறுக்கு ஆங்கிள். கால்களுக்கு இடையே 1.5 மீட்டர் என்றால் 50-க்கு 50, 6 மில்லிமீட்டர் ஆங்கிள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்த்து 26 கிலோ இரும்பு. காகிதக் கணக்கில் அந்தத் திசை அதிர்வெண் 4.9-லிருந்து 21 ஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது. மூலைத் தகடு நெளியும், அடி போல்ட்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று அதில் பாதியைத் தள்ளினாலும் 10 நிற்கும். பட்டறைக்காரர்கள் இதைப் படிக்காமலே செய்கிறார்கள். ஸ்டாண்டு ஆடினால் "ஒரு கிராஸ் அடிங்கண்ணே" என்பதுதான் அவர்களின் மொத்த வைபரேஷன் பாடம். அதற்காக அவர்களைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். சில இடங்களில் ஆட்டத்தை நிறுத்த மணல் மூட்டையை ஏற்றி வைக்கிறார்கள். அதிர்வெண் நல்ல பக்கம் நகர்ந்தால் அதிர்ஷ்டம், இயந்திரத்தின் வேகத்துக்கு இன்னும் நெருங்கினால் மறுநாளே வெல்டிங் விரியும். அதைத்தான் படித்தவர்கள் சாஃப்ட்வேருக்குள் செய்கிறார்கள், மூட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியாது :-)

விசைத்தறிக்கு வருவோம். ஊடை இழையை அடித்துச் சேர்க்கும் பாகம் ஒவ்வொரு இழைக்கும் ஒரு முறை முன்னும் பின்னும் போகிறது. பழைய சாதாரணத் தறி நிமிடத்துக்கு 150, 180 முறை அடிக்கும் என்றால் அது 2.5 முதல் 3 ஹெர்ட்ஸ், அதுவும் கிடைமட்டத்தில். கான்கிரீட் சட்டகக் கட்டடத்தின் அலைவுக் காலத்துக்கு ஐஎஸ் 1893 ஒரு தோராயச் சூத்திரம் தருகிறது: உயரத்தின் முக்கால் அடுக்கை 0.075 ஆல் பெருக்கு. 7 மீட்டர் உயரமுள்ள கட்டடத்துக்கு 0.32 வினாடி, அதாவது 3.1 ஹெர்ட்ஸ். 10 மீட்டருக்கு 2.4 ஹெர்ட்ஸ். தறியின் வேகமும், செங்கல் சுவர் அதிகமில்லாத இரண்டு மூன்று மாடிக் கட்டடத்தின் ஆட்டமும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன! இங்கிலாந்தின் லங்காஷயரில் நூற்பு ஆலைகளை ஐந்தாறு மாடி கட்டியவர்கள், நெசவுக்கு மட்டும் பெரும்பாலும் ஒற்றைத் தளக் கொட்டகை போட்டதற்கு வெளிச்சம் ஒரு காரணம் என்றால் தறியின் ஆட்டம் இன்னொரு காரணம். கம்ப்யூட்டர் இல்லாத பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெரிந்திருந்த விஷயம் இது. இருபது தறி இருக்கும் தளத்தை 'சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன்' என்று எழுதிவிட்டு எழுந்து போகிறவரின் மாடலில் தறியே இல்லை. எடையளவில் அதே அளவு புத்தகக் கட்டு இருந்தாலும் அந்த மாடலுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த 5 கிலோநியூட்டனுக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஐஎஸ் 875 இரண்டாம் பகுதியில், தொழிற்கூடத் தளங்களில் இயந்திரம் இருந்தால் இலகு வேலைக்கு 5, நடுத்தரத்துக்கு 7, கனரகத்துக்கு 10 கிலோநியூட்டன் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இது 'இம்போஸ்டு லோடு', அதாவது வந்து போகும் பளுக்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. நில அதிர்வுக் கணக்குக்கு ஐஎஸ் 1893-ஐத் திறந்தால், வந்து போகும் பளு சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டனுக்கு மேல் இருந்தால் அதில் 50 சதவீதத்தை மட்டும் நிறையாக எடு என்கிறது. இது நியாயமான விதிதான். பூமி குலுங்கும் நேரத்தில் எல்லாத் தளத்திலும் முழுக் கூட்டம் நிற்காது. ஆனால் இயந்திரம்? ராத்திரி இரண்டு மணிக்கும் அங்கேயேதான் போல்ட்டு போட்டு நிற்கிறது. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போவதில்லை. இயந்திரத்தை லைவ் லோடு பட்டியலில் எழுதிய அந்த நிமிடமே, சாஃப்ட்வேர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அதைப் பாதியாக வெட்டிவிடுகிறது. மேலே சல்லடைக் கணக்கில் நிறை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆனது, இங்கே அரை மடங்காகிறது. இரண்டுமே ஒரே ஆளின் ஒரே ஃபைலில் நடக்க முடியும். இரண்டையும் அவர் 'கன்சர்வேட்டிவ்' என்றே எழுதியிருப்பார். நிலையாக நிற்கும் இயந்திரத்தை டெட் லோடு பக்கம் எழுதுவதற்கு ஒரு வரிதான் ஆகும்.

ஸ்டாட் ப்ரோ பழகியவர்களுக்குத் தெரிந்த இன்னொரு கூத்தும் உண்டு. அதிர்வெண் கேட்கும் லோடு கேஸில் எடைகளை மூன்று திசைகளிலும் கொடுக்க வேண்டும், அவற்றிலிருந்துதான் அது நிறையை எடுத்துக்கொள்ளும். வழக்கம்போலக் கீழ்நோக்கி மட்டும் கொடுத்தால் கிடைமட்டத்தில் இயந்திரத்துக்கு நிறையே கிடையாது. சாஃப்ட்வேர் கோபித்துக்கொள்ளாது. நான்கு தசம இடங்களோடு ஒரு எண்ணைத் துப்பும். நான்கு தசம இடம் இருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று வைவாவில் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அடுத்தது உயரம். இயந்திரத்தின் நிறையைப் பீமின் மட்டத்தில் ஒரு புள்ளியாக வைப்பது ரொம்பப் பிரபலமான சுருக்கம். ஆனால் அதன் ஈர்ப்பு மையம் பீமுக்கு மேலே முக்கால் மீட்டரோ ஒரு மீட்டரோ உயரத்தில் இருக்கும். 10 கிலோநியூட்டன் கிடைமட்ட விசை ஒரு மீட்டர் உயரத்தில் வேலை செய்தால், 1.5 மீட்டர் இடைவெளியுள்ள கால்களில் ஒரு பக்கம் 6.7 கிலோநியூட்டன் தூக்கும், மறுபக்கம் அதே அளவு அமுக்கும். புள்ளியைப் பீமிலேயே வைத்துவிட்டால் இந்தத் தூக்கு விசை கணக்கில் காணாமல் போய்விடுகிறது. அப்புறம் "அடி போல்ட்டு எப்படி சார் லூஸாகுது?" என்று கேள்வி. ஈர்ப்பு மையத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து இயந்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் விறைப்பான கம்பி இழுத்தால் போதும். மோட்டார் ஒரு ஓரமாக இருந்தால் புள்ளியும் அந்த ஓரமாகப் போகும், எந்தக் காலுக்கு எவ்வளவு என்று அதுவே பிரித்துக்கொள்ளும்.

ஜெனரேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1500 சுற்றில் ஓடும் டீசல் எஞ்சின் 25 ஹெர்ட்ஸ். நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் அதில் பாதியான 12.5 ஹெர்ட்ஸிலும் ஆட்டம் வரும். தளத்தின் மேலும் கீழுமான அதிர்வு பல கட்டடங்களில் அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். அடியில் நல்ல ரப்பர் பேடு இருந்தால், வேகமான அதிர்வுக்குத் தளமும் எஞ்சினும் தனித்தனி ஆட்கள். அங்கே எஞ்சினின் நிறையைத் தளத்தோடு ஒட்டிக் கணக்கிடுவதே தவறு. பேடு இல்லாமல் நேரே போல்ட்டு போட்டால் ஒட்டித்தான் கணக்கிட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அம்புக்குறி போடுகிறவருக்குப் பேடு இருக்கிறதா இல்லையா என்றே கேட்கத் தோன்றாது.

"இதனால எல்லாம் கட்டடம் விழுந்திருமா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர்கள். 1995 ஜூன் 29 அன்று தென்கொரியாவின் சியோலில் சாம்பூங் கடைக்கட்டடம் சரிந்து 502 பேர் இறந்தார்கள். தூண்களை மெலிதாக்கியது, கூடுதல் மாடி, பயன்பாட்டை மாற்றியது என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று கூரையின் மேல் இருந்த ஏசி இயந்திரங்கள். 1993-ல் அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று சொன்னதும் அவற்றைக் கிரேன் வைத்துத் தூக்காமல் கூரையின் மேலேயே இழுத்து வேறு பக்கம் நகர்த்தினார்கள். இழுத்த வழியில் விரிசல். பிறகு அவை ஓடும்போதெல்லாம் அந்த அதிர்வு விரிசலை வளர்த்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று திட்டமிட்ட கட்டடத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள், மேல் மாடிகளில் ஜெனரேட்டர்கள். முதல் நாளே விரிசல் தெரிந்திருந்தது. காலையில் கரண்டு போனது, ஜெனரேட்டர்கள் ஓடின, கட்டடம் விழுந்தது. இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். மட்டமான கான்கிரீட்டும் அனுமதியில்லாத மாடிகளும் இல்லாமல் ஜெனரேட்டர் மட்டும் அதைச் சாய்த்திருக்காது என்பது உண்மை. ஆனால் ஏற்கனவே விளிம்பில் நின்ற கட்டடத்துக்கு மேலே இருந்த இயந்திரம் வெறும் எடையாக மட்டும் இருக்கவில்லை.

இனி வழக்கமான சமாதானங்கள். முதலாவது: "மதுரை ஜோன் 2தானே, நில அதிர்வு ஒண்ணும் பெருசா வராதே." சரிதான், ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பின் வரைபடத்தில் மதுரை இரண்டாம் மண்டலம். ஆனால் தறி ஓடும் தளத்துக்கு நில அதிர்வு எதற்கு? அது நிமிடத்துக்கு 160 தடவை தானே குலுக்கிக்கொள்கிறது, ஷிஃப்ட் முழுக்க.

இரண்டாவது: "மெஷின் கம்பெனிக்காரன் டேட்டா தர மாட்டேங்கிறான்." கேட்டால்தானே தருவதற்கு! 'வெயிட் என்ன?' என்று மட்டும் கேட்டால் கேட்டலாக்கில் உள்ள காலி எடையைச் சொல்வார்கள். காலி எடை, ஓடும்போது எடை, ஈர்ப்பு மையம், சுற்று வேகம், சமநிலையில்லாத விசை என்று ஐந்தையும் எழுதிக் கேட்டால் பெரிய கம்பெனிகள் வரைபடமே அனுப்புவார்கள். இயந்திர அடித்தளங்களுக்கான ஐஎஸ் 2974 இந்த விவரங்களை எல்லாம் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. உள்ளூரில் செய்த இயந்திரம், பேப்பரே இல்லை என்றால்? மதுரையைச் சுற்றி நான்கு வழிச் சாலைகளில் எடை மேடைக்கா பஞ்சம்? இயந்திரம் லாரியில் வந்து இறங்கும் நாளில் ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை. இரண்டு சீட்டு, ஒரு கழித்தல்.

மூன்றாவது சமாதானம் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. "அப்படின்னா மெஷினை அப்படியே த்ரீ-டி மாடலா இறக்கிருவோம்" என்று மோட்டாரின் விசிறி இறக்கை வரைக்கும் இருபது லட்சம் துண்டுகளாக நறுக்கி ராத்திரி முழுக்க ஓடவிடுகிறார்கள். வண்ண வண்ணமாகப் படம் வரும். வார்ப்பிரும்பு உடம்பு எவ்வளவு விறைப்பு, உள்ளே பேரிங் எவ்வளவு தளர்வு என்று தெரியாமல் அவ்வளவு துண்டு எதற்கு? ஸ்டாண்டு 5 ஹெர்ட்ஸில் ஆடும்போது மோட்டாரின் உடம்பு நெளிவதே இல்லை. அது ஒரு கல். கல்லுக்கு வேண்டியது நிறை, நடுப்புள்ளி, சுழற்சிக்குக் காட்டும் எதிர்ப்பு, நிற்கும் பாதங்கள். அவ்வளவுதான். சுருக்குவதை எதிர்த்து இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை.

சுருக்கத்தை ஒழுங்காகச் செய்பவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஆண்டிபட்டி தாண்டித் தேனிப் பக்கம் போகலாம். காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் அத்தனை பெரிய இயந்திரமும் ஆரம்பக் கணக்கில் ஒரு புள்ளி நிறைதான். ஆனால் அந்தப் புள்ளி கோபுர அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, அதன் சுழற்சி எதிர்ப்பு என்ன என்பதைச் சேர்த்தே வைப்பார்கள். மூன்று இறக்கை நிமிடத்துக்கு 15 முறை சுற்றினால் சுற்றுக்கு ஒன்று என்பது 0.25 ஹெர்ட்ஸ், இறக்கைக்கு ஒன்று என்பது 0.75 ஹெர்ட்ஸ். கோபுரத்தின் அதிர்வெண் இந்த இரண்டுக்கும் நடுவில் பத்திரமாக உட்கார வேண்டும். அங்கே போய் "உச்சியில கொஞ்சம் எடையைக் கூட்டிப் போட்டுருக்கோம், சேஃப்" என்று சொல்லிப் பாருங்கள், கோபுரத்தோடு சேர்த்து உங்களையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரைஸ் மில் ஸ்டாண்டும் அதே இயற்பியல்தான். விலை மட்டும்தான் குறைவு, கீழே நிற்கும் ஆளின் உயிர் அதே விலை.

ஏற்கனவே நிற்கும் ஸ்டாண்டுகளுக்கு வேலை இன்னும் சுலபம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் செய்த 'ஃபைபாக்ஸ்' என்ற இலவச ஆப் இருக்கிறது. போனிலுள்ள முடுக்கமானியை வைத்து எந்த அதிர்வெண்ணில் ஆட்டம் என்று வரைந்து காட்டும். இருபது ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆட்டத்துக்குச் சாதாரணப் போனே போதும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, போனை மேல் பீமில் டேப் போட்டு ஒட்டி, ஸ்டாண்டைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டியது. தானாக ஆடி அடங்கும்போது வரும் உச்சிதான் இயற்கை அதிர்வெண். இன்னொரு பக்கம் திரும்பி நின்று இன்னொரு தள்ளு. பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு அதன் வேகத்தையும் அதே போனில் பார்க்கலாம். இரண்டு எண்களும் 20 சதவீதத்துக்குள் இருந்தால் மேலே சொன்ன 26 கிலோ ஆங்கிளுக்கு ஆள் தேட வேண்டியதுதான். மூட்டையோடு ஆள் போகும் பக்கத்தில் முழுக் குறுக்கு அடிக்க முடியாது, அங்கே மேல் மூலைகளில் மட்டும் சாய்வாகத் துண்டு கொடுத்து மறுபடி தள்ளிப் பார்க்க வேண்டும். அறுவடை சீசன் தொடங்கிவிட்டால் எந்த முதலாளியும் மில்லை நிறுத்தச் சம்மதிக்க மாட்டார். அதற்கு ஒரு மாதம் முன்னால் போய்க் கேட்டால் போனை ஒட்டுவதற்கு ஏணியும் கொடுத்து டீயும் வாங்கித் தருவார்கள்.